பழைய டேபிளில் ஒரு ஃபீல்டை நீக்க வேண்டும்: அதை யாரெல்லாம் தொடுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒற்றைச்சாவி (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் என் தலையில் ஒரு பழைய பில்லிங் டேட்டாபேஸ் வந்து விழுந்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2016. டேபிள்கள் 400 சொச்சம், ஸ்டோர்டு ப்ரொசீஜர்கள் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த நிரல்கள்) 1,800. எழுதியவர்களில் ஒருவர்கூட இப்போது வேலையில் இல்லை.

கஸ்டமர் டேபிளில் 'டின்_நோ' என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது. வாட் வரிக் காலத்து 11 இலக்க எண். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் அதன் 15 எழுத்து எண்ணுக்குத் தனி ஃபீல்டு போட்டுவிட்டார்கள். பழையது அப்படியே கிடக்கிறது. "இனி இது எதற்கு, எடுத்துவிடு" என்கிறார் மேலாளர்.

எடுப்பதற்கு முன் பார்த்துவிடலாம் என்று எஸ்பி_டிபென்ட்ஸ் (ஒன்றை எவை சார்ந்திருக்கின்றன என்று பட்டியல் போடும் பழைய கட்டளை) ஓட்டினேன். 23 பெயர்கள் வந்தன. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் டேபிள்மேல் ரைட் கிளிக் செய்து 'வியூ டிபென்டன்சீஸ்' பார்த்தால் 70க்கு மேல் வருகிறது. ஒரே டேபிளுக்கு இரண்டு பதில். எதை நம்புவது?

பழைய_சர்வர்:

தம்பி, எஸ்பி_டிபென்ட்ஸை முதலில் மறந்துவிடுங்கள். நான் 2000 பதிப்பிலிருந்து இந்த சர்வரோடு குப்பை கொட்டுகிறேன். அது அந்த நாளிலேயே பொய் சொல்லும்.

காரணம் இதுதான். ஒரு ப்ரொசீஜரை உருவாக்கும்போது அதற்குள் குறிப்பிட்ட டேபிள் இன்னும் பிறக்கவில்லை என்றாலும் சர்வர் சம்மதிக்கும். ஓடும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். அப்போது சார்பு விவரத்தை எழுதிவைக்க டேபிளின் ஐடி கையில் இருக்காது, எழுதாது. பின்னால் டேபிள் வந்தாலும் யாரும் திரும்பிப் போய் அந்த வரியைச் சேர்க்க மாட்டார்கள். டேபிளை டிராப் செய்து மறுபடி உருவாக்கினாலும் இதே கதைதான்: ஐடி மாறும், பழைய உறவு அறுந்துபோகும். நீங்கள் பார்த்த 23 என்பது, ஸ்கிரிப்ட்கள் எந்த வரிசையில் ஓடின என்பதைப் பொறுத்து மிஞ்சியது. அவ்வளவுதான்.

2008 பதிப்பில் இதைத் திருத்தினார்கள். சிஸ் ஸ்கீமாவில் 'எஸ்க்யூஎல்_எக்ஸ்பிரஷன்_டிபென்டன்சீஸ்' என்று ஒரு கேட்டலாக் வியூ வந்தது (வியூ என்பது சேமித்து வைத்த குவெரி, பார்க்க டேபிள் போலவே இருக்கும்; கேட்டலாக் வியூ சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களைக் காட்டுவது). இது பெயரை வைத்துக் குறித்துக்கொள்ளும். டேபிள் இல்லாவிட்டாலும் பெயர் பதிவாகும். ஐடி இடத்தில் மட்டும் நல் (காலி) இருக்கும். வேறு டேட்டாபேஸையோ வேறு சர்வரையோ குறிப்பிட்டால் அந்தப் பெயரும் தனியாகப் பதிவாகும். கூடவே இரண்டு ஃபங்ஷன்கள்: 'டிஎம்_எஸ்க்யூஎல்_ரெஃபரன்சிங்_என்டிட்டீஸ்' என்னை யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும்; 'டிஎம்_எஸ்க்யூஎல்_ரெஃபரன்ஸ்டு_என்டிட்டீஸ்' நான் யாரைப் பிடித்திருக்கிறேன் என்று சொல்லும். பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் எனக்கே இன்னும் குழம்பும்.

ரைட் கிளிக்கில் எண்ணிக்கை கூடியதற்குக் காரணம், அது ஃபாரின் கீ (ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் உறவு) வழியாகத் தொங்கும் டேபிள்களையும் காட்டுகிறது, ஒரு படி தாண்டி அடுத்த படிக்கும் போகிறது. ஃபாரின் கீ என்பது எக்ஸ்பிரஷன் டிபென்டன்சீஸில் வரவே வராது. அதற்கு சிஸ்.ஃபாரின்_கீஸ் தனியாகப் பார்க்க வேண்டும்.

நள்ளிரவு_ரிலீஸ்:

இவ்வளவு சுற்றுவானேன்? சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸில் டெஃபினிஷன் என்ற ஃபீல்டில் எல்லா ப்ரொசீஜரின் முழு உரையும் இருக்கிறது. அதில் 'டின்_நோ' என்று லைக் (உரைக்குள் தேடும் கட்டளைச் சொல்) போட்டுத் தேடு. வந்தது பயன்படுத்துகிறது, வராதது பயன்படுத்தவில்லை. ஐந்து நிமிட வேலை. நான் இருபது தடவை செய்திருக்கிறேன்.

குவெரிக்குருவி:

நள்ளிரவு, இருபது தடவையும் தப்பித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

லைக்கில் அடிக்கோடு என்றால் 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள். நானும் ஒருமுறை இதே பெயரைத்தான் தேடினேன் (வாட் காலத்து டேபிள் எல்லாமே அண்ணன் தம்பிகள்). ரூட்டிங்நோ, மீட்டிங்நோட்ஸ் எல்லாம் வந்து நின்றன. ஆங்கில எழுத்துகளில் எழுதிப் பாருங்கள்: டின்னுக்கும் நோவுக்கும் நடுவில் இருக்கிற 'ஜி' அடிக்கோட்டின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டது. அடிக்கோட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்தால்தான் அது வெறும் அடிக்கோடு.

இது கூடுதலாகக் காட்டும் தவறு, எரிச்சலோடு போகும். குறைத்துக் காட்டுவதுதான் ஆளைக் கொல்லும். இணையத்தில் இன்னும் சுற்றிவரும் பாதி ஸ்கிரிப்ட்கள் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.ரொட்டீன்ஸில் தேடுகின்றன. அங்கே ப்ரொசீஜரின் முதல் 4,000 எழுத்துகள்தான் இருக்கும். உங்களிடம் உள்ள 1,800இல் பெரியவை எல்லாம் அதைத் தாண்டித்தான் இருக்கும். இன்னும் பழைய சிஸ்கமென்ட்ஸில் தேடினால் உரை 4,000 எழுத்துத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். 'டின்' ஒரு துண்டின் வாலிலும் '_நோ' அடுத்த துண்டின் தலையிலும் விழுந்தால் இரண்டிலும் கிடைக்காது. அதனால் மாட்யூல்ஸில் தேடச் சொன்னது சரி. அந்த ஒன்றில் நள்ளிரவுக்கு முழு மதிப்பெண்.

நள்ளிரவு_ரிலீஸ்:

நன்றி டீச்சர்.

ஒற்றைச்சாவி:

இரண்டையும் செய்தேன். எக்ஸ்பிரஷன் டிபென்டன்சீஸில் கஸ்டமர் டேபிளைக் குறிப்பிடுபவை 212. மாட்யூல்ஸில், அடைப்புக்குறி போட்டு, 'டின்_நோ' வருபவை 94. ஆனால் இந்த 94இல் 11 ப்ரொசீஜர்கள் அந்த 212 பட்டியலிலேயே இல்லை! கஸ்டமரைத் தொடாமல் கஸ்டமரின் ஃபீல்டை எப்படித் தொட முடியும்? எனக்குத் தலை சுற்றுகிறது.

குவெரிக்குருவி:

அந்த 11ஐத் திறந்து பாருங்கள். சிலவற்றில் சப்ளையர் டேபிளிலும் இதே பெயரில் ஃபீல்டு இருக்கும். சிலவற்றில் கமென்ட்டாக இருக்கும். மிச்சம் இருப்பவை டைனமிக் எஸ்க்யூஎல்: ஒரு வேரியபிளில் உரையைக் கோத்துக் கோத்துக் கடைசியில் எக்ஸிக்யூட் செய்வார்கள். சர்வருக்கு அது வெறும் எழுத்துச் சரம். அதற்குள் டேபிள் பெயர் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஃபீல்டு அளவில் வேண்டும் என்றால் எக்ஸ்பிரஷன் டிபென்டன்சீஸ் உதவாது. ஸ்கீமாபைண்டிங் (தான் தொடும் டேபிளை மாற்றவிடாமல் கட்டிவைக்கும் குறிப்பு) போட்டவற்றுக்கு மட்டும்தான் அது ஃபீல்டு வரை இறங்கும். ஒவ்வொரு ப்ரொசீஜரையும் எடுத்து ரெஃபரன்ஸ்டு_என்டிட்டீஸ் ஃபங்ஷனுக்குள் அனுப்புங்கள். எந்த டேபிளின் எந்த ஃபீல்டு, படிக்கிறதா எழுதுகிறதா என்று வரும். 'இஸ்_செலக்ட்_ஆல்' என்று ஒரு கொடி இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். அது 1 என்றால் அங்கே செலக்ட் ஸ்டார் (பெயர் சொல்லாமல் எல்லா ஃபீல்டையும் கேட்பது) இருக்கிறது. உங்கள் ஃபீல்டின் பெயர் எழுத்தில் எங்குமே இல்லாமல் பயன்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

நடுவில் 2020 என்ற எண்ணோடு பிழை வந்தால் பயப்பட வேண்டாம். அது வருஷம் இல்லை. அந்த ப்ரொசீஜர் ஏற்கெனவே இல்லாத எதையோ தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடைந்துபோன பழைய சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம்.

ஆலமரம்:

ஆரக்கிளில் இந்தக் கூத்தே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

டிபிஏ_டிபென்டன்சீஸ் என்று ஒரே ஒரு வியூ. பேக்கேஜ், வியூ, டிரிக்கர் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் நிரல்), சினானிம் (மாற்றுப்பெயர்), டேட்டாபேஸ் லிங்க் எல்லாம் அதில் வரும். டேபிளில் கை வைத்த நொடியே, அதைச் சார்ந்தவை 'இன்வேலிட்' என்று குறி வாங்கிவிடும். பட்டியல் கேட்டால் கையில் கொடுக்கும். 11ஜிக்கு முன்பு வரைக்கும் ஒரு ஃபீல்டு சேர்த்தாலே சார்ந்தவை அத்தனையும் செல்லாமல் போகும். 2007இல் 11ஜி வந்தபோது ஃபீல்டு அளவில் பார்க்கக் கற்றுக்கொண்டது.

12சியிலிருந்து ஃபீல்டை 'இன்விசிபிள்' ஆக்கும் வசதியும் உண்டு. செலக்ட் ஸ்டாரில் வராது, பெயர் சொல்லிக் கேட்டால் வரும். செலக்ட் ஸ்டார் போட்டவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள இதைவிட மென்மையான வழி எனக்குத் தெரியாது.

பழைய_சர்வர்:

ஆலமரம், எக்ஸிக்யூட் இமீடியட்டுக்குள் (ஆரக்கிளில் டைனமிக் எஸ்க்யூஎல் ஓட்டும் கட்டளை) இருக்கும் டேபிள் பெயர் உங்கள் டிபிஏ_டிபென்டன்சீஸில் வருமா?

ஆலமரம்:

வராது.

பழைய_சர்வர்:

வீட்டுக்கு வீடு வாசப்படி.

யானைப்பாகன்:

போஸ்ட்கிரெஸ் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. நாங்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கறார். ஒரு வியூ தொட்டுக்கொண்டிருக்கும் ஃபீல்டை ஆல்டர் டேபிள் போட்டு நீக்கப் பார்த்தால் நீக்கவே விடாது. யார் தொங்குகிறார்கள் என்று பெயர் சொல்லித் தடுக்கும். கேஸ்கேட் என்று நீங்களாகச் சொன்னால்தான் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளும். வியூவை உரையாக வைக்காமல் அலசிய மரமாக, ஐடிகளோடு, வைத்திருப்பதால் இது முடிகிறது. டேபிளின் பெயரை மாற்றினாலும் வியூ தானாகப் புதுப் பெயரோடு நடக்கும்.

விவரம் எல்லாம் பிஜி_டிபென்ட் டேபிளில் இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் இடறும் கல் ஒன்று உண்டு: வியூ நேரடியாக டேபிளைச் சார்ந்ததாக அதில் இருக்காது. வியூவுக்குப் பின்னால் ஒரு ரீரைட் ரூல் இருக்கிறது. அந்த ரூல்தான் டேபிளைச் சார்ந்தது. ஆகவே பிஜி_ரீரைட் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வியூவின் பெயருக்கு வர வேண்டும். இது தெரியாமல் 'எந்த வியூவும் இல்லை' என்று முடிவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்த வழி வேறு. டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கு, டிராப் கேஸ்கேட் போடு, என்னென்ன போகிறது என்று அது பட்டியல் போடும், படித்துவிட்டு ரோல்பேக் (செய்ததைத் திரும்பப் பெறுவது). டேட்டாபேஸே சொன்ன வாக்குமூலம்.

பழைய_சர்வர்:

யானைப்பாகன் சொன்னதை யாரும் பகல் பதினொரு மணிக்கு லைவில் செய்து பார்க்க வேண்டாம். டிராப் அந்த டேபிளின்மேல் முழுப் பூட்டு போடும். நீங்கள் பட்டியலை நிதானமாகப் படித்து முடிக்கிற வரை பின்னால் மொத்த பில்லிங்கும் வரிசையில் நிற்கும். பேக்கப்பிலிருந்து எடுத்த நகலில் மட்டும்.

யானைப்பாகன்:

உண்மை. சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: ஃபங்ஷன்களின் உடல் எங்களிடமும் வெறும் சரம்தான். பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் நிரல்மொழி) ஃபங்ஷன் எந்த டேபிளைத் தொடுகிறது என்று பிஜி_டிபென்டுக்குத் தெரியாது. 2021இல் வந்த 14ஆம் பதிப்பில், எஸ்க்யூஎல் மொழியில் 'பிகின் அடாமிக்' போட்டு எழுதும் ஃபங்ஷன்களுக்கு மட்டும் சார்பு பதிவாகிறது. மற்றவற்றுக்கு பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்_செக் என்ற எக்ஸ்டென்ஷன் ஓரளவு கைகொடுக்கும்.

டால்பின்_கரை:

மைஎஸ்க்யூஎல்காரன் ஒருவன் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறாமையோடு படித்துக்கொண்டிருக்கிறான். எங்களுக்கு வியூ எந்த டேபிளைத் தொடுகிறது என்று சொல்லும் வியூ_டேபிள்_யூசேஜ் கிடைத்ததே 8.0.13இல்தான். டேபிளை டிராப் செய்தால் வியூ ஒரு முனகல்கூட இல்லாமல் அங்கேயே நிற்கும். யாராவது அதைக் கேட்கும்போதுதான் 1356 என்று பிழை வரும்.

இன்னொன்று: பழைய மைஐஎஸ்ஏஎம் டேபிள்களில் ஃபாரின் கீ எழுதினால் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மறந்துவிடும். உறவு எழுத்தில் இருக்கும், டேட்டாபேஸில் இருக்காது. எங்கள் ஊரில் சார்பைக் கண்டுபிடிப்பது என்றால், ஃபீல்டு பெயர்களைப் பார்த்து 'இது அதுவாக இருக்கலாம்' என்று ஜாதகம் பார்ப்பதுதான்.

ஒற்றைச்சாவி:

எல்லோருக்கும் நன்றி. படிக்கவே ஒரு நாள் ஆயிற்று. நகல் டேட்டாபேஸ் ஒன்றில் ஃபீல்டை நீக்கிப் பார்த்தேன். முதலில் 5074, 4922 என்று இரண்டு பிழைகள். ஒரு இண்டெக்ஸும் ஒரு டிஃபால்ட் கன்ஸ்ட்ரெயின்ட்டும் தடுத்தன. இரண்டையும் எடுத்தேன். ஃபீல்டு போய்விட்டது. 94 ப்ரொசீஜர்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றுகூட "ஐயோ" என்று சொல்லவில்லையே?

பழைய_சர்வர்:

சொல்லாது. எஸ்க்யூஎல் சர்வர் தடுப்பது இண்டெக்ஸ், கன்ஸ்ட்ரெயின்ட், கணக்கிட்டு வரும் ஃபீல்டு, ஸ்கீமாபைண்டிங் போட்ட வியூ போன்றவற்றுக்காக மட்டும். சாதாரண ப்ரொசீஜரும் வியூவும் உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிடும்.

ஆனால் நகல் கையில் இருப்பதால் ஒரு நல்ல வேலை செய்யலாம். ஃபீல்டை நீக்கிய அந்த நகலிலேயே, ஸ்கீமாபைண்டிங் இல்லாத ஒவ்வொரு ப்ரொசீஜர், வியூ, ஃபங்ஷன், டிரிக்கர் மீதும் எஸ்பி_ரெஃப்ரெஷ்எஸ்க்யூஎல்மாட்யூல் ஓட்டுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக, பிழையைப் பிடித்து ஒரு டேபிளில் எழுதிக்கொண்டு. சர்வர் ஒவ்வொன்றையும் மறுபடி படித்து முடிச்சுப் போட்டுப் பார்க்கும். ப்ரொசீஜர், டிரிக்கர் என்றால், டேபிள் இல்லாவிட்டால் சும்மா விடும்; ஆனால் டேபிள் இருந்து ஃபீல்டு இல்லையென்றால் 'இன்வேலிட் காலம் நேம்' என்று கத்தும். உரையில் தேடுவதைவிட இது நம்பகமானது. கமென்ட்டைக் கண்டு ஏமாறாது, சப்ளையர் டேபிளோடு குழப்பிக்கொள்ளாது.

ஓர் ஓட்டை இருக்கிறது. ப்ரொசீஜருக்குள்ளேயே உருவாகும் டெம்ப் டேபிளோடு (தற்காலிக டேபிள்) ஜாயின் செய்த வாக்கியமாக இருந்தால், டெம்ப் டேபிள் அப்போது இல்லை என்பதால் வாக்கியம் முழுவதையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிடும். அதற்குள் உங்கள் ஃபீல்டு ஒளிந்திருக்கலாம். பில்லிங் சிஸ்டத்தில் டெம்ப் டேபிளுக்குப் பஞ்சமா?

குவெரிக்குருவி:

செலக்ட் ஸ்டார் வியூக்களையும் சொல்லிவிடுகிறேன். எஸ்க்யூஎல் சர்வர் வியூவின் ஃபீல்டு பட்டியலை உருவாக்கிய நாளிலேயே எழுதிவைத்துக்கொள்ளும். டேபிளில் ஒன்றை மட்டும் எடுத்தால் எண்ணிக்கை பொருந்தாமல் பிழை வரும்; நல்லது. ஆனால் ஒன்றை எடுத்து, அதே கையோடு இன்னொன்றைச் சேர்த்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், வரிசை மட்டும் நகர்ந்திருக்கும். தொலைபேசி எண் என்ற தலைப்பின் கீழ் பின்கோடு வந்து உட்காரும். பிழை எதுவும் வராது. எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. கண்டுபிடித்தது டெலிவரி ஆள், நான் இல்லை. எஸ்பி_ரெஃப்ரெஷ்வியூ ஓட்டினால் சரியாகிவிடும்.

யானைப்பாகன்:

ஒரு படி சார்பு மட்டும் பார்த்தால் போதாது, வியூமேல் வியூ கட்டியிருப்பார்கள். படிபடியாகத் தன்னையே திரும்ப அழைத்துப் போகும் ரிகர்சிவ் குவெரி எழுதும்போது சுழலில் மாட்டாதீர்கள். தன்னையே அழைக்கும் ப்ரொசீஜர் ஒன்று போதும். எங்களுக்கு யூனியன் ஆல் இல்லாமல் வெறும் யூனியன் போட்டால் பல இடங்களில் தப்பிக்கலாம், 14இல் சைக்கிள் என்று தனிச்சொல்லே வந்துவிட்டது. ஆரக்கிளில் நோசைக்கிள். உங்கள் சர்வரில்?

பழைய_சர்வர்:

100 சுற்று முடிந்ததும் தானே பிழை கொடுத்து நின்றுவிடும். போன வழியை ஒரு சரமாகச் சேர்த்துக்கொண்டே போய், ஏற்கெனவே பார்த்த ஐடி என்றால் திரும்பிவிடச் சொல்வது வழக்கம்.

நள்ளிரவு_ரிலீஸ்:

எல்லோரும் டேட்டாபேஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே வாருங்கள். சர்வர் ஏஜென்ட் ஜாப்களின் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) கட்டளைகள் எம்எஸ்டிபி டேட்டாபேஸில் சிஸ்ஜாப்ஸ்டெப்ஸ் டேபிளில் இருக்கும், அங்கே தேடினீர்களா? ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் வைத்திருந்தால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸில், கேட்டலாக் டேபிளில், பைனரியாகக் கிடக்கும். அதை எக்ஸ்எம்எல் ஆக மாற்றித்தான் தேட முடியும். அப்புறம் அப்ளிகேஷன் கோடு. உங்கள் சி ஷார்ப் ஆட்கள் குவெரியை உள்ளேயே எழுதியிருந்தால் எந்தக் கேட்டலாக்கும் உதவாது, ரெப்போவில் (கோடு வைத்திருக்கும் களஞ்சியம்) கிரெப் (உரைத் தேடல்) மட்டும்தான்.

என் யோசனை: ஃபீல்டின் பெயரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'டின்_நோ_பழசு' என்று மாற்றிவிடு. யார் கத்துகிறார்களோ அவர்தான் டிபென்டன்சி. யாரும் கத்தாவிட்டால் ஒரு மாதம் கழித்து நீக்கு.

குவெரிக்குருவி:

முதல் பாதிக்குக் கைதட்டல். இரண்டாவது பாதி வேண்டாம். பில்லிங்கில் மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 இரவு ஒருமுறை ஓடும் வேலைகள் இருக்கும். ஒரு மாத அமைதி எதையும் நிரூபிக்காது. அது மட்டுமல்ல, சில இடங்களில் பிழையைப் பிடித்து விழுங்கிவிடும் கோடு இருக்கும். கத்தாமலேயே காலியான ஃபைலை ஆடிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

நள்ளிரவு_ரிலீஸ்:

சரி, பெயரை மாற்ற வேண்டாம் என்றால் அந்த ஒரு ஃபீல்டுக்கு மட்டும் 'டினை' (அனுமதியை மறுக்கும் கட்டளை) போடு. ஒரே நொடியில் திரும்பப் பெறலாம்.

பழைய_சர்வர்:

அதிலும் பாதிதான் தெரியும். ப்ரொசீஜரும் டேபிளும் ஒரே ஓனர் என்றால், ப்ரொசீஜர் வழியாகப் போகிறவருக்கு டேபிளின் அனுமதியைச் சர்வர் சோதிக்காது. உங்கள் 'டினை' கண்ணில் படாது. டிபிஓவாக (டேட்டாபேஸ் உரிமையாளராக) நுழைகிறவர்களுக்கும் அது பொருட்டே இல்லை. ஆனால் நேராக டேபிளில் குவெரி போடும் ஆட்கள் மாட்டுவார்கள். அந்த அளவுக்கு உபயோகம் உண்டு.

நான் செய்வது வேறு: யாரையும் தடுக்காமல் பார்ப்பது. 2016 என்பதால் குவெரி ஸ்டோர் இருக்கிறது. இயக்கி வையுங்கள், வந்துபோகும் குவெரிகளின் உரை சேரும். கேப்சர் மோடு 'ஆல்' என்று இருக்கட்டும். 'ஆட்டோ' என்றால் எப்போதாவது ஒருமுறை வருவதை அற்பம் என்று விட்டுவிடும். நமக்கு வேண்டியதே அந்த எப்போதாவது வருகிற ஆள்தான். ஆனால் எந்தக் கணினியிலிருந்து, எந்த அப்ளிகேஷனிலிருந்து வந்தது என்று குவெரி ஸ்டோர் சொல்லாது. அதற்கு எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் (சர்வரில் நடப்பதைப் பதிவுசெய்யும் வசதி) செஷன் ஒன்று, கஸ்டமர் என்ற சொல்லுக்கு வடிகட்டி போட்டு.

டால்பின்_கரை:

குறுக்கே ஒரு கேள்வி. பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, மாநில வாட்டில்தான் இருக்கின்றன. மதுவும் அப்படியே. உங்கள் நிறுவனத்துக்கு அந்தப் பக்கம் ஏதாவது தொழில் உண்டா? அப்படியென்றால் டின் எண் செத்துப்போகவில்லையே?

ஒற்றைச்சாவி:

எனக்குத் தெரிந்து இல்லை. நாங்கள் விற்பது பெயின்ட், ஹார்டுவேர். கேட்டுப் பார்க்கிறேன்.

ஒற்றைச்சாவி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

நகலில் ரெஃப்ரெஷ் ஓட்டியதில் 61 மாட்டின. உரைத் தேடலின் 94இல் மிச்சம் 33ஐக் கையால் திறந்து பார்த்தேன். 14 வெறும் கமென்ட், 8 சப்ளையர் டேபிள், 6 டெம்ப் டேபிள் ஜாயின் (ஐயா சொன்ன அதே ஓட்டை), 5 டைனமிக். அந்த ஐந்தில் ஒன்று பில் பிரிண்ட் ப்ரொசீஜர். அதைத் திறந்ததும் இன்னொரு குகை: எந்த ஃபீல்டை எந்த இடத்தில் அச்சிட வேண்டும் என்று ஒரு லேஅவுட் டேபிள் வைத்திருக்கிறார்கள். ஃபீல்டின் பெயர் அங்கே டேட்டாவாக, ஒரு வரியில், உட்கார்ந்திருக்கிறது. அதே லேஅவுட்டைப் படிக்கும் வேறு மூன்று ப்ரொசீஜர்களில் 'டின்_நோ' என்ற சொல்லே இல்லை. எந்தத் தேடலிலும் அவை வந்திருக்க வழியில்லை.

ஏஜென்ட் ஜாப்களில் ஒன்று கிடைத்தது. ஏப்ரல் 1 விடியற்காலை மட்டும் ஓடுவது. வேறு டேட்டாபேஸிலிருந்து சினானிம் வழியாக எங்கள் டேபிளைத் தொடுகிறது. அங்கே எங்கள் டேபிளின் பெயரே இல்லை, சினானிமின் பெயர்தான் எங்கும் இருக்கிறது. சிஸ்.சினானிம்ஸில் பார்த்துத்தான் முடிச்சு அவிழ்ந்தது.

அப்புறம் குவெரி ஸ்டோர். நான்கு வாரம் பார்த்தேன். மாதத்தின் இரண்டாவது வாரத்தில் ஒரு 'செலக்ட் ஸ்டார் ஃப்ரம் கஸ்டமர்' வந்தது, எந்த ப்ரொசீஜருக்குள்ளும் இல்லாமல் தனியாக. எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸில் கணினியின் பெயரைப் பார்த்தால் கணக்குப் பிரிவு. அப்ளிகேஷன் எக்செல். மாடிக்கு ஏறிப் போனேன். கணக்குப் பிரிவு அக்கா ஃபைலைத் திறந்து காட்டினார். மொத்த டேபிளையும் இழுத்து, அதிலிருந்து டின் எண்ணை மட்டும் வேறு தாளுக்கு எடுத்துக்கொள்கிறது. எதற்கு என்று கேட்டேன். "நம்ம பைபாஸ் ரோடு பங்குக்குத்தான் தம்பி, டீசல் கணக்குக்கு" என்றார்.

எங்களுக்கு ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டால்பின்_கரை, உங்களுக்கு ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன்.

டால்பின்_கரை:

டீயோடு ஒரு ஃபாரின் கீயும் கொடுத்தால் போதும்.

நள்ளிரவு_ரிலீஸ்:

ஆக, ஃபீல்டை நீக்கினாயா இல்லையா?

ஒற்றைச்சாவி:

இல்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. பில் பக்கத்து ப்ரொசீஜர்களிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 61இல் 40 முடிந்தது. அக்காவின் எக்செலுக்கு ஒரு தனி வியூ செய்து, வேண்டிய நான்கு ஃபீல்டுகளைப் பெயர் சொல்லி எழுதி, ஸ்கீமாபைண்டிங்கும் போட்டுவிட்டேன். இனி யாராவது டின்_நோவை நீக்க வந்தால் சர்வரே தடுக்கும். மேலாளரிடம் பங்க் விஷயத்தைச் சொன்னபோது "ஆமாம், அது இருக்கில்ல" என்றார்.

குவெரிக்குருவி:

அந்த ஏப்ரல் 1 ஜாப் கடைசியாக ஓடியபோது வெற்றியா தோல்வியா என்று ஹிஸ்டரியில் பார்த்தீர்களா?

ஒற்றைச்சாவி:

பார்த்தேன் அக்கா. ஜாப் 'வெற்றி' என்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால், பிழை வந்தால் விழுங்கிக்கொள் என்று எழுதியிருக்கிறது. எத்தனை வருஷமாக விழுங்குகிறது என்று இப்போதுதான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தனி இழை போடுகிறேன்.